கவனமா, எச்சரிக்கையா? தவணைப் புள்ளியும் ஒரு கறுப்புத் திரையும்



தவணைப் பரீட்சை முடிந்து புள்ளி போடும் நாட்களில் அட்டாளைச்சேனையில் ஆசிரியர் வீடுகள் எப்படி இருக்கும் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. சாப்பாட்டு மேசை முழுக்க விடைத்தாள் கட்டு, பக்கத்தில் சிவப்புப் பேனை, பிளேன்டீ ஆறிப்போய்க் கிடக்கும். திருத்துவது ஒரு பாரம் என்றால், அதற்குப் பிறகு வருகிற கூட்டல், சராசரி, நிலை போடுதல் இன்னொரு பாரம். ஒருவர் கூட்டியதை இன்னொருவர் கூட்டிப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தும் ஒரு பிள்ளையின் இடம் மாறிப் போவதுண்டு.

எங்களிடம் படித்த ஒரு தம்பி, இப்போது தோஹாவில் மென்பொருள் வேலை செய்கிறவர், இதற்காகப் பைதனில் ஒரு சின்னப் புரோகிராம் எழுதித் தந்தார். அதில் பொத்தான் இல்லை, படம் இல்லை. கறுப்புத் திரையில் ஒரு கட்டளையைத் தட்டி எந்தரைத் தட்டினால், பாட ஆசிரியர்கள் எக்செலில் போட்டுத் தந்த தாள்களை ஒவ்வொன்றாக வாசித்து, கூட்டி, வகுப்புவாரியாக ஒரு அறிக்கை தரும். இரண்டு நாள் வேலை இரண்டு நிமிடத்தில் முடியும். கணிதமும் ஐ.சீ.ரீ.யும் எடுக்கும் நாங்கள் மூன்று பேர்தான் அதை ஓட்டுவோம்.

கூட்டலில் அது பிழை விட்டதே இல்லை. சிக்கல் அது பேசுகிற விதத்தில் இருந்தது.

ஓடும்போது திரையில் வரிவரியாக ஆங்கிலம் கொட்டும். பக்கத்தில் நின்று பார்த்த டீச்சர் ஒருவர், "என்ன சேர், கொம்பியூட்டர் நமக்கு ஏசுதா?" என்று கேட்டார். சிரித்தோம். ஆனால் அவர் கேட்டது சரியான கேள்வி. ஒரு வரியைத் தமிழ் எழுத்தில் தருகிறோம், பாருங்கள்: "வோர்னிங், ரூட், இன்வேலிட் வேல்யூ, ரோ 23, கொலம் 6". இப்படி அறுபதுக்கு மேற்பட்ட வரிகள். அவற்றில் பெரும்பாலானவை, வராத பிள்ளைக்கு ஆசிரியர் 'ஏபி' என்று போட்டதற்காக வந்தவை. அதாவது எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்பதற்கே ஒரு வோர்னிங்.

அந்தக் கூட்டத்துக்குள்தான் ஒரு வரி வேறு கதை சொன்னது. தரம் 9 பிள்ளை ஒன்றின் கணிதப் புள்ளி 70. தட்டியவர் பூச்சியத்துக்குப் பதிலாக ஆங்கில 'ஓ' எழுத்தைத் தட்டிவிட்டார். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கணினிக்கு அது எண்ணே இல்லை. ஆகவே அந்தப் புள்ளியை விட்டுவிட்டுக் கூட்டியது, பிள்ளை பதினெட்டு இடம் கீழே போனாள். வகுப்பாசிரியைக்கு அவளைத் தெரியும். "இவள் இந்த இடத்துக்கு வரமாட்டாள், மறுகாப் பாருங்க" என்று தாளைத் திருப்பிக் கொண்டுவந்தார். அதனால் தேர்ச்சி அறிக்கை வீட்டுக்குப் போகுமுன் பிடிபட்டது. வகுப்பில் பேர் தெரியாமல் இருக்கிற ஒரு அமைதியான பிள்ளையாக இருந்திருந்தால்?

புரோகிராம் சொல்லாமல் விடவில்லை. 'ரோ 23, கொலம் 6' என்று அது சொன்ன இடம் அந்தப் பிள்ளையின் புள்ளிதான். ஆனால் யாருக்குச் சொல்கிறது, அவர் என்ன செய்ய வேண்டும் என்ற நினைவு அந்த வரியில் இல்லை. இந்தச் செய்திகளை மாற்றி எழுதியே தீர வேண்டும் என்று அன்று பின்னேரமே உட்கார்ந்தோம்.

இப்படிப் புரோகிராம் தான் செய்வதைப் பதிந்து வைப்பதை 'லொக்' என்பார்கள். ஆசிரியர்களுக்கு அந்தச் சொல் புதிதில்லை, அதிபரின் மேசையில் இருக்கும் சம்பவத் திரட்டுப் புத்தகத்தையும் லொக் புத்தகம் என்றுதானே சொல்கிறோம். சொல்லின் வேர் கடலில் இருக்கிறது. லொக் என்றால் மரக்கட்டை. அந்தக் காலப் பாய்க்கப்பல்களில் முடிச்சுப் போட்ட கயிற்றின் நுனியில் ஒரு கட்டையைக் கட்டிக் கடலில் எறிவார்கள். மணற்கடிகாரம் ஓடி முடிவதற்குள் எத்தனை முடிச்சுக் கையை விட்டுப் போகிறது என்று எண்ணினால் அதுதான் வேகம். இன்றைக்கும் கப்பல் வேகத்தை 'நொட்' என்று சொல்வது அந்த முடிச்சைத்தான். எண்ணியதை எழுதி வைத்த புத்தகம் லொக் புத்தகம் ஆனது. அதே பேர் கணினிக்கும் வந்தது.

பைதனில் இதற்கென்று 'லொக்கிங்' என்ற பகுதி 2003 இல் வந்த 2.3 பதிப்பிலிருந்து கூடவே வருகிறது. வினய் சஜிப் என்பவர் எழுதியது. செய்திகளை அது ஐந்து தரமாகப் பிரிக்கும்: டிபக், இன்ஃபோ, வோர்னிங், எரர், கிரிட்டிக்கல். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் உண்டு, 10 இலிருந்து 50 வரை பத்துப் பத்தாக ஏறும். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் 30 க்கு, அதாவது வோர்னிங்குக்கு, கீழே உள்ளதைக் காட்டாது. காட்டும்போது தரம், பதிவாளரின் பேர், செய்தி என்ற மூன்றை மட்டும் ஒட்டிக் காட்டும். டீச்சரைப் பயமுறுத்திய 'ரூட்' என்பது அந்தப் பதிவாளரின் பேர். யாரும் பேர் வைக்காததால் அது தனக்குத் தானே வைத்துக்கொண்ட பேர்!

இதெல்லாம் மாற்றக்கூடியது. எந்தத் தரத்துக்கு மேல் காட்ட வேண்டும், என்ன வடிவத்தில், எந்த இடத்துக்கு என்று மூன்றையும் நாமே சொல்லலாம். தரங்களின் பேரைக்கூட நம் மொழியில் வைத்துக்கொள்ள ஒரு கட்டளை இருக்கிறது. எங்களுக்கு நேரம் போனது இந்தப் பேர் வைப்பதில்தான்.

அகராதியைப் பார்த்தால் வோர்னிங்குக்கு 'எச்சரிக்கை'. ஒருவர் அப்படியே போட்டார். மற்றவர் வேண்டாம் என்றார். எங்கள் கரையில் 'எச்சரிக்கை' என்பது சாதாரணச் சொல் அல்ல. 2012 ஏப்ரல் 11 ஆம் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் பூமி அதிர்ந்து சுனாமி எச்சரிக்கை வந்த பின்னேரத்தை நினைத்துப் பாருங்கள். போட்டது போட்டபடி விட்டுவிட்டு உள்ளுக்கு ஓடினோம். அன்று கடல் வரவில்லை, அல்ஹம்துலில்லாஹ். வராவிட்டாலும் ஓடியது சரிதான். ஆனால் ஒரு பிள்ளை பரீட்சைக்கு வரவில்லை என்பதற்கும் அதே சொல்லைப் போட்டால், அறுபது தரம் அந்தச் சொல்லைப் பார்த்த கண் அறுபத்தோராவதைப் பார்க்காது. கடைசியில் 'கவனம்' என்று வைத்தோம். அதையும் ஆசிரியர் ஏதாவது செய்ய வேண்டிய இடத்தில் மட்டும்தான். 'ஏபி' என்று ஒழுங்காகப் போட்டிருந்தால் அது 'தகவல்'. திரைக்கே வராது.

எரருக்கு 'பிழை' என்பதிலும் இடித்தது. சரி, பிழை என்று நாள் முழுக்கப் பிள்ளைகளின் கொப்பியில் போடுகிறவர்கள் நாங்கள். ஒரு ஆசிரியரின் தாளைத் திறந்துவிட்டு 'பிழை' என்று திரை சொன்னால், அவர் தன் கொப்பியில் யாரோ சிவப்பால் கீறியது போலத்தான் எடுப்பார். பெரும்பாலும் நடந்தது என்ன? அந்தத் தாள் எக்செலிலும் திறந்து கிடந்ததால் புரோகிராமால் திறக்க முடியவில்லை. அப்படியென்றால் அதையே சொல்வோம் என்று 'முடியவில்லை' என்று வைத்தோம். இலக்கணமாக அது தரத்தின் பேர் போல இல்லைதான். ஆனால் கேட்கிறவருக்கு விளங்குகிறது: "முடியவில்லை: விஞ்ஞானத் தாள் வேறு இடத்தில் திறந்திருக்கிறது. எக்செலை மூடிவிட்டு மறுபடி ஓட்டவும்."

அந்த 'ரோ 23, கொலம் 6' இப்போது இப்படி வரும்: "கவனம்: தரம் 9பி, கணிதம், சேர்விலக்கம் 4127. புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் எழுத்து இருக்கிறது. பூச்சியமா, ஓவா என்று பார்க்கவும்." (இலக்கம் சும்மா போட்டது.) எழுதியபின் புரோகிராமைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், ஐ.சீ.ரீ. தெரியாத ஒருவரை உட்காரவைத்து ஓட்டச் சொன்னோம். சமயம் படிப்பிக்கும் மௌலவி சேர் அகப்பட்டார். வரியை வாசித்தார், தாளைத் திறந்தார், திருத்தினார், எழும்பிப் போய்விட்டார். எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை.

தமிழில் எழுதப் போனால் இன்னொரு வேடிக்கையும் வரும். ஆங்கிலத்தில் தரப் பேர்களை எட்டெழுத்து அகலத்துக்கு நிரப்பி, செய்திகளை ஒரே கோட்டில் அழகாக அடுக்குவது வழக்கம். நாங்களும் அடுக்கினோம். கோடு கோணியது. காரணம், கணினி எண்ணுவது நம் எழுத்தை அல்ல. 'கவனம்' நமக்கு நாலு எழுத்து. கணினிக்கு ஐந்து, ஏனென்றால் புள்ளியும் தனிக் குறியீடு. 'பிழை' நமக்கு இரண்டு, அதற்கு நாலு. கொம்பும் விசிறியும் தனித்தனியாக எண்ணப்படும். அடுக்குவதை விட்டுவிட்டு, பேருக்குப் பின் இரண்டு புள்ளி போட்டு நிறுத்தினோம். ஆய்வுகூடத்தில் உள்ள பழைய கணினிகளில் அந்தக் கறுப்புத் திரைக்குத் தமிழ் எழுத்தே கிடையாது, வெறும் பெட்டி பெட்டியாகக் காட்டும். அவற்றில் ஓட்டும்போது செய்தியை ஒரு கோப்பில் யூ.ரீ.எஃப்-8 முறையில் எழுதி நோட்பேட்டில் திறக்க வைத்தோம். அழகில்லை, வேலை நடக்கிறது.

பாமினியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பிள்ளைகளின் பேர்ப் பட்டியல் பலது இன்னும் பாமினி எழுத்துருவில்தான் தட்டப்பட்டிருக்கிறது. எழுத்துரு இருக்கும்வரை அது தமிழ். கறுப்புத் திரைக்குப் போனால் உள்ளே இருக்கிற ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் வெளியே வந்துவிடும், பேர் என்றே தெரியாது. போதாததற்கு ஒரு வகுப்பில் பாதிப் பையன்களுக்கு முஹம்மது என்றே பேர் தொடங்கும், முதலெழுத்தும் எம்.ஐ.எம்., எம்.என்.எம். என்று ஒரே மாதிரி. ஆகவே செய்தியில் பேரே வேண்டாம், சேர்விலக்கம் போதும் என்று முடிவெடுத்தோம்.

அந்த முடிவுக்கு இன்னும் கனமான காரணம் ஒன்றும் உண்டு. நாங்கள் செய்தியை இரண்டு இடத்துக்கு அனுப்புகிறோம். திரையில் தமிழில், குறைவாக, ஆசிரியருக்கு. கோப்பில் ஆங்கிலத்தில், டிபக்கிலிருந்து எல்லாமும், தோஹாவில் இருக்கும் தம்பிக்கு. ஏதும் உடைந்தால் அந்தக் கோப்பை வட்ஸ்அப்பில் அவருக்கு அனுப்புவோம். எங்களில் ஒருவர், ஏ/எல்லில் பைதன் படிக்கிற பிள்ளைகள் ஆங்கிலச் செய்தியை வாசித்துப் பழக வேண்டும், எல்லாவற்றையும் தமிழாக்கிவிடாதீர்கள் என்று சண்டை பிடித்தார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது, அதனால்தான் கட்டளையோடு ஒரு சொல் சேர்த்தால் கோப்பில் போகும் ஆங்கிலம் திரைக்கும் வரும்படி வைத்திருக்கிறோம். ஆனால் கோப்பு ஊரை விட்டுப் போகிற பொருள். அதில் பிள்ளையின் பேரும் புள்ளியும் இருந்தால்? இது சின்ன ஊர். ஒரு பென் டிரைவ் மூன்று வீடு தாண்டும், பென் டிரைவில் இருப்பது நாலு வீடு தாண்டும். இன்னாரின் மகளுக்கு ஆங்கிலத்தில் 19 என்பது கலியாண வீடுவரை வந்துவிடும்.

பெரிய இடங்களிலேயே இது நடந்திருக்கிறது. 2018 மே மாதம் டுவிட்டர் தன் 33 கோடிப் பாவனையாளர்களிடமும் கடவுச்சொல்லை மாற்றச் சொன்னது. யாரும் உடைத்து உள்ளே வரவில்லை. மறைகுறியாக மாற்றுவதற்கு முன்பே கடவுச்சொற்கள் அப்படியே உள்ளக லொக் ஒன்றில் எழுதப்பட்டு வந்ததை அவர்களே கண்டுபிடித்தார்கள். லொக் எழுதுகிறவர் அதைப் பிறகு யார் வாசிப்பார் என்று நினைப்பதில்லை. எங்கள் கோப்பில் இப்போது சேர்விலக்கம், பாடம், என்ன வகைக் குறை என்பது மட்டும் உண்டு. எழுத்து இருக்கிறது என்று சொல்லும், என்ன எழுத்து என்று சொல்லாது.

நேரத்தைப் பற்றியும் கொஞ்சம். தம்பி ஒருநாள், "சேர், ஏழரைக்கு என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார். ஏழரைக்கு நாங்கள் பாடசாலைக் கேற்றில் நின்றோம். அவர் கேட்டது கத்தார் நேரம், நமக்குப் பத்து மணி. பைதன் நேரத்தை எழுதச் சொன்னால் திகதி, மணி, நிமிடம், செக்கன், மில்லிசெக்கன்வரை எழுதும், எந்த நாட்டு நேரம் என்று தானாக எழுதாது. நாங்கள் கடைசியில் +05:30 என்று சேர்த்தோம். மூன்றாமவருக்கு இது கூடின வேலை போலப்பட்டது. அவருக்கு 2004 ஐச் சொன்னோம். டிசம்பர் 26 அன்று சுமாத்திராவில் பூமி அதிர்ந்தது உலகப் பொது நேரப்படி 00:58. இன்றைய கணக்குப்படி ஐந்தரை மணியைக் கூட்டினால் இலங்கையில் காலை 6:28. ஆனால் அன்று எங்கள் வீட்டுச் சுவர் மணிக்கூட்டில் 6:58. ஏனென்றால் 1996 மே மாதம் நாட்டின் நேரத்தை முதலில் ஆறரை மணி ஆக்கி, ஒக்டோபரில் ஆறு மணி ஆக்கி, 2006 ஏப்ரலில்தான் பழையபடி ஐந்தரைக்குக் கொண்டுவந்தார்கள். அந்தக் காலைப் பொழுதைப் பற்றி மூத்தாப்பாமார் சொல்லும் நேரமும் புத்தகத்தில் வாசிக்கும் நேரமும் அரை மணி இடிப்பதைப் பிள்ளைகள் வகுப்பில் கேட்டிருக்கிறார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. எந்த நேரம் என்று பக்கத்தில் எழுதவில்லை, அவ்வளவுதான். மூன்றாமவர் அதற்குப் பிறகு ஒன்றும் பேசவில்லை.

சின்னச் சின்னதாக இன்னும் இருக்கிறது. அறிக்கையும் செய்தியும் ஒரே திரையில் வந்தாலும் உள்ளே அவை இரண்டு வாய்க்கால். அறிக்கையைக் கோப்புக்குத் திருப்பிவிட்டால் செய்தி திரையிலேயே நிற்கும், அதிபருக்குப் போகிற தாளுக்குள் 'கவனம்' வந்து விழாது. சிவப்பு மஞ்சள் நிறம் போட்டுப் பார்த்தோம். திரையில் வடிவாக இருந்தது, ஆனால் கோப்பில் நிறத்துக்கான குறிகள் குப்பையாக விழுந்தன. திரைக்கு மட்டும் நிறம் என்று வைத்துவிட்டோம். நிறம் ஒரு அலங்காரம்தான்.

போன தவணையில் எட்டு வகுப்புக்கும் ஓட்டியபோது திரையில் வந்தது ஒன்பது வரி. ஒன்பதையும் அந்தந்த ஆசிரியர்களே பார்த்துத் திருத்தினார்கள். அதில் இரண்டு, உண்மையிலேயே பூச்சியத்துக்குப் பதிலாக ஓ. ஒன்று, 100 க்கு மேலே போன 167. மிச்சம் வெற்றுக் கட்டம். தாள்களைத் திருத்தியபின் மறுபடி ஓட்டினோம், "முடிந்தது. பார்க்க வேண்டியது எதுவும் இல்லை" என்று ஒரு வரி. அந்த வரியும் நாங்கள் சேர்த்ததுதான். சும்மா நின்றுவிட்டால் முடிந்ததா, உறைந்துவிட்டதா என்று ஆட்கள் பயப்படுகிறார்கள்.

இன்னும் தீராத ஒன்று, ஐந்தாவது தரம். கிரிட்டிக்கல். தட்டு நிரம்பிவிட்டது, சேர்வுப் பட்டியல் கோப்பையே காணவில்லை, இனி ஓட முடியாது என்ற நிலையில் வருவது. 'ஆபத்து' என்று ஒருவர், அது கரண்ட் கம்பத்து மண்டையோட்டை நினைவூட்டுகிறது என்று மற்றவர். 'நின்றுவிட்டது' என்று இப்போதைக்குப் போட்டிருக்கிறோம், ஆனால் எங்களுக்கே திருப்தியில்லை. தோணி தள்ளுகிறவர்கள், மில்லில் நிற்கிறவர்கள், மோட்டார் திருத்துகிறவர்கள், இஞ்சின் இனி ஓடாது, கையை எடு என்பதற்கு நீங்கள் ஒரே சொல்லில் என்ன சொல்வீர்கள்? அடுத்த தவணைத் தாள்கள் வருமுன் கிடைத்தால் அதையே போட்டுவிடுவோம், இன்ஷா அல்லாஹ்.